உம்மாவின் ஒலிநாடாக்களுக்கு ஒரு கணிப்பொறி

எங்கள் ஊர் அதிராம்பட்டினம், சபுராளிகளின் ஊர். 1980களில் எங்கள் தெருவில் ஆண்மக்கள் இருந்த வீடுகளைவிட அவர்களுடைய குரல் மட்டும் இருந்த வீடுகளே மிகுதி. கடிதம் வந்தால் எழுத்தறியாத தாய்மார்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேறொருவர் வேண்டும். கணவன் மனைவிக்கு எழுதியதை மதரஸாவில் ஓதும் சிறுபிள்ளை உரக்கப் படிக்கும் நிலை. அதனால்தான் ஒலிநாடா புழக்கத்துக்கு வந்தபோது எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அதை அத்தனை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டன. அங்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, ஊருக்குப் புறப்படுவோர் கையில் கொடுத்தனுப்பினால், இங்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம். நடுவில் படிப்பவர் இல்லை.

என் வாப்பா சவூதி அரேபியாவின் தம்மாம் நகரிலிருந்து 1983 முதல் 1996 வரை அனுப்பிய நாடாக்கள் 38. அவர்கள் 2011இல் வஃபாத்தானார்கள். நாடாக்களை உம்மா இரண்டு பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தார்கள். இவை போக, வீட்டில் ஐந்து ஒளிநாடாக்கள். அவற்றுள் மூன்று, 1991இல் நடந்த ராத்தாவின் நிக்காஹ். பெண்கள் பகுதியை மாமி மகளே, வளைகுடாவிலிருந்து வந்த ஒரு கேமராவால் படம் பிடித்திருந்தாள்.

உப்புக் காற்று வீசும் ஊரில் நாடாக்களுக்கு ஆயுள் குறைவு. ஒளிநாடாக்களின் ஓரங்களில் வெண்மையாகப் பூஞ்சணம் படியத் தொடங்கியிருந்தது. 2024இன் தொடக்கத்தில் ராத்தா, “இனியும் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது” என்று சொன்னார்கள். ஒளிநாடாக்களை வாங்கிப் படியெடுத்துப் பென் டிரைவில் போட்டுத்தரும் கடைகள் நகரங்களில் உண்டு. கொடுத்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் படியெடுப்பவர் முழுவதையும் தம் திரையில் பார்த்தே தீர்வார். அவருடைய கணிப்பொறியில் ஒரு பிரதி தங்கியும் விடும். கோஷா பேணிய பெண்கள், ஆண்கள் இல்லாத அறை என்று நம்பித் தலைத்துணி விலக்கிச் சிரித்துக்கொண்டிருக்கும் படம் அது. அவர்களில் சிலர் இன்று கபுரில் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்க வழியில்லை. எனவே வீட்டிலேயே படியெடுப்பது, வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியிலேயே பார்ப்பது, இரண்டுக்கும் ஒரே கணிப்பொறியை அமைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ராத்தாவும் நானும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கினோம்.

இத்தகைய பிஸ்கட் டின்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால், அந்தப் பணத்துக்குள் எதை வாங்கினோம், எதை விட்டோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னை ரிச்சி தெருவுக்குக் கணவருடன் சென்றேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மின்னணுப் பொருள்களுக்கென்றே அமைந்த சந்துகள். கூடத்துத் தொலைக்காட்சியில் இணைத்துப் படம் பார்க்க ஒரு கணிப்பொறி என்று சொன்னதும், முதல் கடைக்காரர் எடுத்து வைத்தது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அதன் விலை மட்டுமே எங்கள் தொகையில் பாதியை விழுங்கியிருக்கும். ‘தியேட்டர்’ என்ற சொல்லைக் கேட்டாலே வணிகர்களின் மனத்தில் விளையாட்டும் வேட்டும்தான் தோன்றுகின்றன போலும்!

படம் பார்ப்பதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. காரணம் எளிது. ஒளிப்படக் கோப்புகள் அனைத்தும் சுருக்கி வைக்கப்பட்டவை. அவற்றை விரிக்கும் வேலையைச் செய்வதற்கென்றே இன்றைய பிராசசர்களுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. எந்தச் சுருக்க முறையை அது அறியும் என்பதே நாம் பார்க்க வேண்டியது. எச்.264 என்ற முறை 2003இல் வந்தது. அதனை அறியாத கணிப்பொறி இன்று கடையில் கிடைப்பதே அரிது. எச்.265 முறை 2013இல் வந்தது. இன்டெல் பிராசசர்களில் ஏழாம் தலைமுறையிலிருந்து அது முழுமையாகக் கைகூடியது. ஏவி1 என்பது 2018இல் வந்தது. அதற்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். இந்த மூன்று வரிகளைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தால் பாதிச் செலவு மிச்சம். எங்களிடம் இருப்பதோ பழைய நாடாக்கள். பிள்ளைகளின் பாடங்களும் பயான்களும் எச்.264இலேயே கிடைக்கின்றன. ஏவி1க்காகப் பணம் கொடுப்பது எங்களைப் பொறுத்தவரை வீண்விரயம்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய கணிப்பொறிகள் ரிச்சி தெருவில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தடித்த கிதாபு ஒன்றின் அளவுதான். பிராசசரின் பெயரில் எண்ணுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து இருந்தால், குறைந்த மின்சாரத்தில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது என்று பொருள். நாங்கள் எடுத்தது எட்டாம் தலைமுறை ஐ5 8500டி. 35 வாட் வகை. எட்டு ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டும் உள்ளேயே இருந்தன. விலை 11,500 ரூபாய். ராம் எட்டு ஜி.பி. என்றாலும் ஒரே அட்டையாக இல்லாமல் நான்கு நான்காக இரண்டு அட்டைகள் இருக்கும்படி பார்த்து எடுத்தோம். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில் திரைக்கான வேலையும் இந்த ராமைக் கொண்டே நடக்கிறது. இரண்டு அட்டை என்றால் போக்குவரத்துக்கு இரு பாதை. 2025இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. அதற்குப் பின் வாங்க முற்படுவோர், ராம் உள்ளேயே இருக்கும் பழைய பெட்டியைத் தேடுவதில் இன்னும் பொருள் இருக்கிறது.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு இன்டெல் என்100 என்ற பிராசசர் உள்ள சிறு பெட்டிகள் உண்டு. 2023இல் வந்தவை, 6 வாட்தான், ஏவி1 முறையையும் அறியும். அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை கூடுதலாக இருந்ததால் விட்டுவிட்டோம். தவணையில் தருகிறேன் என்றார் கடைக்காரர். அதற்குள் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, கையிலுள்ள பணத்துக்குப் பழையதை வாங்குவது நிம்மதி.

பெட்டியின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அலுவலகப் பெட்டிகளில் பலவற்றின் எச்.டி.எம்.ஐ. துளை, 4கே திரைக்கு விநாடிக்கு 30 படங்களுக்குமேல் அனுப்பாது. 60 வேண்டுமானால் டிஸ்ப்ளே போர்ட் வழியே செல்ல வேண்டும். எங்கள் தொலைக்காட்சி 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட பழைய வகை. ஆகவே அந்தக் கவலை எழவில்லை. முன்புறத்திலோ நான் ஒன்றைத்தான் தேடினேன்: காதில் மாட்டும் ஹெட்ஃபோனுக்கு ஒரு துளை. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர், “விண்டோஸ் போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்” என்றார். உரிமம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். விலைக்கு விற்கப்படும் ஒன்றை விலையின்றி எடுத்துக்கொள்வதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது பிறர் பொருள்தான். நாம் வாங்கிய நாடாவை நம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சலுகையிலிருந்து கணிப்பொறி மென்பொருளைச் சட்டமே விலக்கியிருக்கிறது. நல்ல வேளையாக, இந்த வேலைக்கு விண்டோஸ் தேவையே இல்லை. லினக்ஸ் மின்ட், அதன்மேல் கோடி என்ற மென்பொருள். இரண்டும் அவற்றை ஆக்கியோரே இலவசமாக வழங்குபவை. கோடி 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கப்பட்டது. 2014இல்தான் இந்தப் பெயர் பெற்றது. படம், பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், தூரத்திலிருந்து ரிமோட்டால் தேர்ந்தெடுக்கும்படி அடுக்கிக் காட்டும். தமிழிலும் காட்டும்.

காக்கா மகனுக்கு இதில் ஏமாற்றம். “மாமி, கோடியில் ஆட்-ஆன் போட்டால் புதுப்படம் எல்லாம் சும்மாவே வரும்” என்றான். திருட்டுப் படங்களை இழுத்துத் தரும் அத்தகைய சேர்க்கைகளோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று கோடியை ஆக்கியவர்களே பலமுறை அறிவித்திருக்கிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பெரிய வாதமாகத் தோன்றவில்லை. உம்மா இருக்கும் கூடத்தில் எந்தப் படம் ஓடும் என்பதை உம்மாவே முடிவு செய்யட்டும் என்றதும்தான் அடங்கினான்.

ஒலிபெருக்கி விஷயத்திலும் சற்று மன்றாட வேண்டியிருந்தது. கடைகளில் ‘ஹோம் தியேட்டர்’ என்றாலே ஐந்து சிறு பெட்டிகளும் தரையை அதிரவைக்கும் ஒரு பெரிய பெட்டியும்தான். அந்தப் பெரிய பெட்டி அடித்தொனிக்கு மட்டும் உரியது. மனிதப் பேச்சின் தெளிவு அதில் இல்லை. தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கொண்டே இத்தனை ஆண்டுகள் பேச்சைச் சுமந்து வந்தது. உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது; காது மந்தம். அவர்களுக்குத் தேவை சொல் விளங்குவது. எங்கள் வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றே என்பதும் கருதத்தக்கது. 2,700 ரூபாய்க்கு இரண்டே ஒலிபெருக்கிகள் வாங்கி, உட்காருபவரின் காது மட்டத்தில் இருபுறமும் வைத்தோம். ஐந்து பெட்டிகளுக்கெனப் பதிவான படங்களை இரண்டு பெட்டிகளில் கேட்டால் பேச்சு அமுங்கி இசை மேலோங்கும். இதைச் சீர்செய்யக் கோடியின் ஒலி அமைப்புகளில் வழி இருக்கிறது. ஒருமுறை தேடிப்பிடித்து மாற்றிவிட்டால் போதும்.

பெட்டிக்குள் சிறு விசிறி ஒன்று உண்டு. இரவில் நாடாவைக் கேட்கும்போது அதன் முனகல்கூட இடையூறு. கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி விசிறி இரைந்து சுழலும். திறந்த தட்டில் வைத்தால் அடங்கிக் கிடக்கும். உப்புக் காற்றுள்ள ஊர்க்காரர்கள் சன்னலருகில் மட்டும் வைக்க வேண்டாம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுகிறேன்.

படியெடுக்கும் வேலைக்கு வருகிறேன். ஒளிநாடா இயந்திரம் இப்போது புதிதாகக் கிடைக்காது. உலகில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த ஒன்றைப் பழுதுபார்க்க 1,500 ரூபாய் ஆயிற்று. அதிலிருந்து கணிப்பொறிக்கு இணைக்க, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஒரு யு.எஸ்.பி. கேப்சர் கருவி 1,100 ரூபாய். இதே கருவியின் வெள்ளை, சிவப்பு முனைகளில் டேப் ரிக்கார்டரையும் இணைத்துவிடலாம். சிறு கணிப்பொறிகளில் வெளியொலியை வாங்கும் தனித் துளை பெரும்பாலும் இல்லாததால் இது பேருதவி. பூஞ்சணம் படிந்த நாடாவை அப்படியே இயந்திரத்தில் போடலாகாது. அது இயந்திரத்தின் முனையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவுக்கும் தொற்றும்.

இந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் மூன்றரை ஜி.பி. அளவைத் தாண்டும். நிக்காஹ் படத்தை முதன்முதலில் தொலைக்காட்சியில் ஓட்டியபோது, மணப்பெண் கை அசைத்தபோதெல்லாம் வளையல்கள் சீப்புப் பற்களாகக் கலைந்தன. பழைய தொலைக்காட்சிப் படம் ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை ஒருமுறையும், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில், மாறிமாறி வரைந்தது. இன்றைய திரை இரண்டையும் ஒருங்கே காட்டுவதால் வரும் கோளாறு அது. ‘டீஇன்டர்லேஸ்’ என்ற அமைப்பை இயக்கியதும் சரியாயிற்று. இன்னொன்று: பழைய படம் நாலுக்கு மூன்று என்ற வடிவுடையது. அகன்ற திரையை நிரப்ப வேண்டுமென்று இழுத்தால் முகங்கள் எல்லாம் பருத்துவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். மௌத்தாகிவிட்ட பெரியம்மாவின் முகத்தை அது இருந்தபடியே பார்க்கத்தானே இவ்வளவும்!

ஒலிநாடாக்களை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எடுத்தேன். தொண்ணூறு நிமிட நாடா, ஒற்றை ஒலியாக எடுத்தால் சுமார் 450 எம்.பி. ஹனீபா பாடல்களும் பயான்களும் கொண்ட கடைச் சரக்கு நாடாக்களை நான் எடுக்கவில்லை. அவை எங்காவது இருக்கும்; வாப்பா குரல் வேறெங்கும் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன்பே உம்மா இரண்டாவது டின்னிலிருந்து நான்கு நாடாக்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். “இது நாலும் உங்களுக்கில்லே. எனக்கு மட்டும் சொன்னது” என்றார்கள். ராத்தாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியானால் இவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டேன். உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குக் கேக்கணும். டேப்பு ஓட மாட்டேங்குது” என்றார்கள்.

ஒரு நாடாவைக் கேட்காமலே படியெடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன். திரையில் குரல் ஒரு கோடாக ஓடும். பேச்சு உயர்ந்தால் கோடு பருக்கும், தாழ்ந்தால் மெலியும். அது உச்சத்தைத் தொட்டுச் சிவக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். நான்கு நாடாக்களையும் அப்படித்தான் எடுத்தேன். ஓரிடத்தில் கோடு வெகுநேரம் தட்டையாக ஓடிற்று. நாடா அறுந்துவிட்டதோ என்று டேப் ரிக்கார்டரைப் பார்த்தேன், சுழன்றுகொண்டுதான் இருந்தது. மறுபடி கோடு எழுந்தது. அங்கே வாப்பா அழுதார்களா, தண்ணீர் குடித்தார்களா, யாராவது கதவைத் தட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பொத்தான் தொலைவுதான். தொடவில்லை.

பெட்டியின் முன்புறத்தில் ஹெட்ஃபோன் துளை தேடியது இதற்காகத்தான் இல்லை. காது மந்தமான உம்மா, வீட்டார் உறங்கும் நேரத்தில் குர்ஆன் கிராஅத் கேட்பதற்காகத் தேடினேன். அது அவர்களுக்கு இப்படியும் உதவியது. அந்த நான்கு கோப்புகளும் கணிப்பொறியில் இல்லை. ஒரு சிறு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். செருகினால் தானே பாடத் தொடங்கும்படி அமைக்கவில்லை. யாராவது தெரியாமல் செருகிவிட்டால் கூடமெங்கும் ஒலிக்குமே! 700 ரூபாய்க்கு வாங்கிய ரிமோட்டில் உம்மாவுக்கு வேண்டிய ஐந்து பொத்தான்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் துணிப்பட்டை ஒட்டியிருக்கிறோம். அவர்களே செருகுகிறார்கள், கேட்கிறார்கள், பிடுங்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள்.

மீதமுள்ள 34 நாடாக்களையும் ஒளிநாடாக்களையும் எதில் வைப்பது என்பதில் ராத்தாவுக்கும் எனக்கும் சிறு கருத்து வேறுபாடு இருந்தது. இணையத்தில் ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டால் தீயும் வெள்ளமும் அணுகாது என்பது ராத்தாவின் பக்கம். தலைத்துணியில்லாத பெண்களின் படத்தைக் கடைக்காரரிடமே கொடுக்காதவர்கள், முகம் தெரியாத நிறுவனத்திடம் கொடுப்பது எப்படி என்பது என் பக்கம். இரண்டு டி.பி. அளவுள்ள கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு, தலைக்கு 5,600 ரூபாய் வீதம் வாங்கினோம். தனி மின்சார இணைப்பு வேண்டாதவை, யு.எஸ்.பி. கம்பியே போதும். எங்கள் நாடாக்கள் அனைத்துக்கும் இருநூறு ஜி.பி.கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று பெரிதாக இருப்பதைவிடச் சிறிதாயினும் இரண்டாக இருப்பதே மேல். இந்தத் தட்டுகள் கீழே விழுந்தால் முடிந்தது. ஒன்று எங்கள் கூடத்தில், மற்றொன்று முத்துப்பேட்டையில் ராத்தா வீட்டில். எல்லாம் சேர்த்து 28,700 ரூபாய்.

உம்மாவின் பென் டிரைவுக்கும் ஓர் இரட்டை இருக்கிறது. அது அவர்களுடைய பீரோவில். அவர்களிடம் இதுபற்றித் தனியே கேட்டேன். தம் மௌத்துக்குப் பின் இரண்டையும் கேட்காமலே அழித்துவிட வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். ராத்தாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் அவை வேண்டியிருக்கும் என்கிறார்கள். அமானிதம் என்னிடம் என்பதால் பேச்சை வளர்க்கவில்லை.

பென் டிரைவுக்குள் எழுத்துகளைத் தாங்கி நிற்பது மிகச் சிறிய மின்னூட்டம். பல ஆண்டுகள் மின்சாரம் படாமல் கிடந்தால் அது கசிந்துவிடக்கூடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தில், அந்த இரண்டையும் உம்மா என் கையில் தருகிறார்கள். புதிதாக எழுதித் திருப்பிக் கொடுக்கும்போது, நான்கு கோப்புகளும் அளவு குறையாமல் இருக்கின்றனவா என்று எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதுவரை குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.